ஒரு கனெக்ஷன், நான்கு டேப்லெட்: பில் ஏன் கலந்தது?

கேள்வி: அண்ணா, தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பைதான், ஃபிளாஸ்க், மைஎஸ்க்யூஎல். நடுவில் பைமைஎஸ்க்யூஎல் லைப்ரரி. கடைக் கம்ப்யூட்டரில் வெயிட்ரஸ் சர்வரில் ஓடுகிறது. ஒரே ஒரு டேப்லெட் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. ஓணம் நெருங்கியபோது கூட்டம் தாங்காமல் நான்கு டேப்லெட் ஆக்கினோம். அன்றிலிருந்து இடையிடையே 'பாக்கெட் சீக்வென்ஸ் நம்பர் ராங்' என்று எரர் வருகிறது. அதைவிட மோசம், ஒரு விவசாயி கொண்டுவந்த பிச்சிப்பூ இன்னொருவர் பில்லில் ஏறிவிடுகிறது. தினமும் விடியற்காலை முதல் பில்லும் தவறுகிறது. நிறுத்தித் திரும்ப ஓட்டினால் சரியாகிறது. பைமைஎஸ்க்யூஎல் த்ரெட் சேஃப் இல்லையா? வேறு லைப்ரரிக்கு மாறிவிடலாமா? ஒரு லைப்ரரி த்ரெட் சேஃபா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? இத்தனைக்கும் த்ரெட் என்று நான் எதையும் எழுதவே இல்லை. நிரலையும் இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: தம்பி, லைப்ரரியை மாற்ற வேண்டாம். மாற்றினால் எரர் நின்றுபோக வாய்ப்பு உண்டு, ஆனால் பிச்சி அடுத்தவர் பில்லில் ஏறுவது நிற்காது. எரரும் இல்லாமல் கணக்கு மட்டும் தப்பிப்போனால் அது இப்போது இருப்பதைவிட ஆபத்து. ஏன் என்று விளங்கினால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

முதலில், 'த்ரெட் எழுதவே இல்லை' என்கிறீர்கள். த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து ஒரே சமயத்தில் ஓடும் ஒரு வேலை இழை. பல இழைகள் ஒரே நேரத்தில் தொட்டாலும் குழம்பாததைத்தான் த்ரெட் சேஃப் என்கிறோம். நீங்கள் எழுதவில்லை, வெயிட்ரஸ் எழுதியிருக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 4 த்ரெட்டோடுதான் கிளம்பும். ஃபிளாஸ்கோடு வரும் சோதனை சர்வர்கூட 2018இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து இயல்பாகவே பல த்ரெட்டில்தான் ஓடுகிறது. நான்கு டேப்லெட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் 'சேவ்' அழுத்தினால், உங்கள் நிரலின் அதே வரிகளை நான்கு த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் ஓட்டுகின்றன. நிரலின் தொடக்கத்தில், எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே, டேட்டாபேஸோடு பேசும் கனெக்ஷன் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அந்த நான்கு த்ரெட்டும் பிடித்து இழுப்பது அந்த ஒன்றைத்தான்.

நீங்கள் நாள்தோறும் பார்க்கும் தராசை வைத்தே சொல்கிறேன். கூடையை ஏற்றி, எடை நின்றபின் படித்து, சீட்டில் எழுதி, கூடையை இறக்கும்வரை அந்தத் தராசு ஒருவருக்குத்தான். முள் நிற்பதற்குள் இன்னொருவர் தம் அரளி மூட்டையைத் தூக்கி வைத்தால் இரண்டு பேருக்குமே எடை தப்பும். தராசில் குறை ஒன்றும் கிடையாது. கனெக்ஷனும் அப்படித்தான். மைஎஸ்க்யூஎல்லுக்கும் லைப்ரரிக்கும் நடுவே போய்வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஒரு வரிசை எண் இருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் அது புதிதாகத் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறும். ஒரு த்ரெட் கேட்ட பதிலின் பாதியை இன்னொரு த்ரெட் படித்துவிட்டால், அடுத்து வரவேண்டிய எண் வராது. உடனே லைப்ரரி 'சீக்வென்ஸ் நம்பர் ராங்' என்று நிறுத்திவிடுகிறது. உங்களுக்கு நல்லது செய்த எரர் அது. அந்த எண் தற்செயலாகப் பொருந்திப் போனால், ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவருக்கான பதில் சத்தமில்லாமல் போய்ச் சேரும்.

'பைதானில் ஜில் பூட்டு இருக்கிறதே, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தானே ஓடும்' என்று யாராவது சொல்லியிருக்கலாம். நெட்வொர்க்கில் பதிலுக்குக் காத்திருக்கும்போது பைதான் அந்தப் பூட்டை விட்டுவிடுகிறது. டேட்டாபேஸ் வேலையில் பெரும்பாலான நேரம் காத்திருப்பில்தான் போகிறது. ஆகவே நமக்கு அந்தப் பூட்டால் இங்கே ஒரு பாதுகாப்பும் இல்லை.

சரி, த்ரெட் சேஃபா என்று பார்ப்பது எப்படி? 'இந்த லைப்ரரி த்ரெட் சேஃபா?' என்ற கேள்வியே அரைக்கேள்வி. லைப்ரரிக்குள் பல பொருள்கள் இருக்கின்றன: லைப்ரரி மொத்தம், கனெக்ஷன், அதில் கட்டளையை அனுப்பிப் பதிலை வாங்கும் கர்சர், மொத்தமாக நிற்கவோ மொத்தமாக ரத்தாகவோ வேண்டிய வேலைகளின் கட்டான ட்ரான்சாக்ஷன். இவற்றில் எதைப் பல த்ரெட் பகிரலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பைதான்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. டேட்டாபேஸ் லைப்ரரிகள் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த பெப் 249 என்ற ஆவணம், ஒவ்வொரு லைப்ரரியும் 'த்ரெட்சேஃப்டி' என்ற பெயரில் ஓர் எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும் என்கிறது. பைதானைத் திறந்து லைப்ரரியை இம்போர்ட் செய்து, அதன் பெயர், ஒரு புள்ளி, பிறகு த்ரெட்சேஃப்டி என்று ஒரே சொல்லாக அடித்தால் எண் வந்து நிற்கும். 0 என்றால் லைப்ரரியையே பல த்ரெட்டில் தொடக்கூடாது. 1 என்றால் லைப்ரரியைப் பகிரலாம், கனெக்ஷனைப் பகிரக்கூடாது. 2 என்றால் கனெக்ஷன்வரை பகிரலாம். 3 என்றால் கர்சரையும் பகிரலாம். பைமைஎஸ்க்யூஎல்லில் அடித்துப் பாருங்கள், 1 என்று வரும். நீங்கள் எழுதியிருப்பது அது செய்யாதே என்று சொன்ன காரியம். அந்த லைப்ரரி தன் வாக்கில் தவறவில்லை.

இங்கேதான் பலரும் இன்னொரு குழியில் விழுகிறார்கள். '1 தானே பிரச்சினை, 2 இருக்கும் லைப்ரரி எடுப்போம்' என்று தோன்றும். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸுக்கான சைகாப்ஜி2 லைப்ரரியின் எண் 2. ஒரே கனெக்ஷனைப் பல த்ரெட் பிடித்தாலும் உள்ளே பூட்டுப் போட்டு ஒவ்வொன்றாக அனுப்பிவிடும், பாக்கெட் குழம்பாது. ஆனால் அந்தக் கனெக்ஷனில் போகும் எல்லாக் கர்சரும் ஒரே ட்ரான்சாக்ஷனுக்குள் இருக்கின்றன. ஒரு த்ரெட் 'ரோல்பேக்', அதாவது எழுதியதை ரத்துச் செய் என்றால், பக்கத்து த்ரெட் எழுதிவைத்து இன்னும் 'கமிட்' ஆகாமல், அதாவது உறுதியாகாமல் இருந்ததும் சேர்ந்து அழியும். லைப்ரரி உடையாது என்பதற்குத்தான் அந்த எண் உத்தரவாதம். உங்கள் கணக்கு கலக்காது என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். பல வருடம் முன்னால் நம் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் மீன் ஏலக் கணக்குக்கு ஜாவாவில் ஒரு மென்பொருள் செய்தேன். கனெக்ஷனை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்திருந்தேன். ஒரே கிளார்க் இருந்த மூன்று மாதமும் கணக்கு கச்சிதமாக வந்தது. இரண்டாவது கிளார்க் உட்கார்ந்த மறுநாள், ஒருவர் தப்பாக அடித்த பதிவை ரத்துச் செய்தார். அடுத்தவர் அதே நேரத்தில் ஏற்றிக்கொண்டிருந்த சாளைக் கணக்கும் அதோடு போய்விட்டது. எரர் ஒன்றும் வரவில்லை. மாலையில் ஒரு வள்ளத்துக்காரர் கையில் சீட்டோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. இராத்திரி பதினொரு மணிவரை காகிதச் சீட்டை வைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினோம். காகிதச் சீட்டு இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஆள் உழைத்த காசுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

உங்கள் பிச்சி விஷயத்துக்கு வருகிறேன். நிரலில் அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் பில்லின் தலைப்பு வரியை, அதாவது விவசாயி பெயரையும் தேதியையும், இன்சர்ட் செய்கிறீர்கள். அடுத்து, 'செலக்ட் லாஸ்ட் இன்சர்ட் ஐடி' என்று கேட்டு பில் எண்ணை வாங்குகிறீர்கள். அந்த எண்ணைப் போட்டு பிச்சி இத்தனை கிலோ, மல்லிகை இத்தனை கிலோ, கிரேந்தி இத்தனை கிலோ என்று வரிகளை ஏற்றுகிறீர்கள். முறை சரிதான். ஆனால் கடைசி இன்சர்ட் ஐடியை மைஎஸ்க்யூஎல் கனெக்ஷனுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஒரு டேப்லெட் தலைப்பை ஏற்றியதும், எண்ணைக் கேட்பதற்குள் இரண்டாவது டேப்லெட்டின் தலைப்பு அதே கனெக்ஷனில் ஏறிவிட்டால், முதல் டேப்லெட்டுக்குக் கிடைப்பது இரண்டாவதின் எண். கணக்குப்பிள்ளையிடம் 'கடைசியா எழுதின சீட்டு நம்பர் என்ன?' என்று கேட்பதற்குள் அவர் இன்னொருவருக்குச் சீட்டு எழுதிவிட்டால் அவர் சொல்லும் நம்பர் யாருடையதாக இருக்கும்? அவ்வளவுதான் நடந்திருக்கிறது. இதில் லைப்ரரி எவ்வளவு த்ரெட் சேஃபாக இருந்தாலும் பலன் இல்லை. 3 என்று எண் போட்ட லைப்ரரியிலும் இதே கலப்பு நடக்கும்.

நான் சொல்வதை நம்பி மாற்ற வேண்டாம், கண்ணால் பார்த்துவிட்டு மாற்றுங்கள். சோதனைக்கு ஒரு நகல் டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பை ஏற்றும் வரிக்கும் எண்ணைக் கேட்கும் வரிக்கும் நடுவில், பைதானின் ஸ்லீப்பைப் போட்டு ஐந்து செகண்ட் நிற்க வையுங்கள். டேட்டாபேஸுக்குள் தூங்கச் சொல்லக்கூடாது, பைதானில்தான். பிரவுசரில் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் ஒரு பெயரும் பிச்சியும், மற்றதில் வேறு பெயரும் அரளியும் போட்டு, இரண்டு செகண்ட் இடைவெளியில் சேவ் அழுத்துங்கள். முதல் பில் வெறும் தலைப்போடு நிற்கும். இரண்டாவது பில்லுக்குள் பிச்சியும் அரளியும் சேர்ந்து கிடக்கும். நூறு த்ரெட் விட்டு மணிக்கணக்கில் மோதவிடும் சோதனையைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். கூட்டச் சோதனையில் தவறு வந்தால் தவறு இருக்கிறது என்று உறுதி. வராவிட்டால் ஒன்றும் உறுதி இல்லை, அன்றைக்கு நேரம் பொருந்தவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. உங்கள் மென்பொருளே ஒரு டேப்லெட்டோடு இருந்த மாதங்களில் அந்தச் சோதனையில் ஜெயித்துக்கொண்டுதானே இருந்தது.

இன்னொன்றும் பாருங்கள். விடியுமுன் சந்தை உச்சத்தில் இருக்கும்போது, நான்கு டேப்லெட்டிலும் கை ஓயாத நேரத்தில், மைஎஸ்க்யூஎல்லில் 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' அடியுங்கள். நீங்கள் அடிக்கும் ஜன்னலுக்கான வரியை விட்டுவிட்டால், உங்கள் மென்பொருளின் பெயரில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். மென்பொருளுக்குள்ளேயே ஒவ்வொரு த்ரெட்டும் தன் எண்ணையும் 'செலக்ட் கனெக்ஷன் ஐடி'யின் பதிலையும் லாகில் எழுதும்படி செய்தால் இன்னும் தெளிவு. இரண்டு த்ரெட் எண்ணுக்கு எதிரே ஒரே கனெக்ஷன் எண் ஒரே நேரத்தில் வந்தால் பகிர்கிறது என்று பொருள். லைப்ரரியைச் சோதிப்பது ஒரு பக்கம், நம் நிரல் அதை எப்படிப் பிடித்திருக்கிறது என்று சோதிப்பது மறுபக்கம். என் அனுபவத்தில் குறை பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

வேறு லைப்ரரியோ மொழியோ எடுக்கும் நாள் வந்தால், அதன் கையேட்டில் பொருள்வாரியாக என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். 'எஸ்க்யூஎல் ஆல்கெமி' என்ற பைதான் லைப்ரரியில் இஞ்சினைப் பகிரலாம், செஷனைப் பகிரக்கூடாது. கோ மொழியின் டிபி என்ற பொருள் எத்தனை பேர் தொட்டாலும் தாங்கும், ஏனென்றால் அது கனெக்ஷன் இல்லை, கனெக்ஷன்களின் குளம். மாங்கோ என்ற டேட்டாபேஸின் பைதான் கிளையன்ட் த்ரெட்டுக்குச் சேஃப், ஆனால் ஃபோர்க் செய்து புது பிராசஸ் உண்டாக்கினால் சேஃப் இல்லை என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. போஸ்ட்கிரஸின் அடிப்படையான லிப்பிக்யூ லைப்ரரியும், த்ரெட் சேஃப்தான், ஆனால் ஒரே கனெக்ஷனில் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பக்கூடாது என்று நிபந்தனை வைக்கிறது. ஒரு வாக்கியத்தின் முதல் பாதியைப் படித்துவிட்டு மூடிவைத்தால் இரண்டாம் பாதி சந்தையில் வந்து பிடிக்கும். கையேடு ஒன்றுமே சொல்லாவிட்டால் 'சேஃப் இல்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பைதானில் வேறு த்ரெட்டிலிருந்து தொட்டாலே எரர் கொடுத்துத் தடுக்கும். உடனே யாராவது 'செக் சேம் த்ரெட்' என்பதை ஃபால்ஸ் ஆக்கு, எரர் போய்விடும் என்பார்கள். எரர் போகும். காவல்காரரை வீட்டுக்கு அனுப்பினது மாதிரி, திருட்டுப் புகார் வராது, அவ்வளவுதான்.

அப்புறம் பூட்டு. ஒவ்வொரு க்வெரியைச் சுற்றியும் ஒரு லாக் போட்டுவிடலாமா என்று நிரலில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறீர்கள். க்வெரிக்கு க்வெரி பூட்டினால் பாக்கெட் எரர் நிற்கும். ஆனால் தலைப்பு ஏறியதும் பூட்டு திறந்துவிடும், எண்ணைக் கேட்பதற்குள் அடுத்தவர் நுழைவார், பிச்சி பழையபடி கலக்கும். தலைப்பில் தொடங்கி கமிட் முடியும்வரை ஒரே பூட்டாகப் பிடித்தால் கலக்காது. உங்கள் கடை அளவுக்கு வேகமும் போதும். ஆனாலும் நான் அதைச் சொல்லமாட்டேன். நாளைக்கு இன்னொருவர் ஒரு ரிப்போர்ட் சேர்க்கும்போது பூட்டை மறந்தால் எல்லாம் போச்சு.

என் ஆலோசனை இதுதான்: ஒவ்வொரு கோரிக்கைக்கும், அதாவது டேப்லெட்டில் ஒவ்வொரு தடவை சேவ் அழுத்துவதற்கும், ஒரு கனெக்ஷன். கோரிக்கை வந்ததும் திற, பில் முழுவதையும் ஒரே ட்ரான்சாக்ஷனில் எழுது, கமிட் செய், மூடு. ஃபிளாஸ்கில் இதற்கென்றே 'ஜி' என்ற பொருள் இருக்கிறது. கனெக்ஷனை அதில் வைத்து, கோரிக்கை முடிந்ததும் ஓடும் 'டியர்டவுன்' ஃபங்ஷனில் மூடிவிடுங்கள். டேட்டாபேஸ் அதே கம்ப்யூட்டரில் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் திறப்பதற்கு ஆகும் நேரம் பில் போடுபவரின் கண்ணுக்கே தெரியாது. பின்னால் கடைகள் கூடினால் எஸ்க்யூஎல் ஆல்கெமியின் பூலுக்கு, அதாவது கனெக்ஷன் குளத்துக்குப் போகலாம். இயல்பாக 5 கனெக்ஷன் வைத்துக்கொண்டு, நெருக்கடியில் இன்னும் 10 வரை திறந்துகொள்ளும். மைஎஸ்க்யூஎல் பக்கம் இயல்பான உச்சவரம்பு 151. நான்கு டேப்லெட்டுக்குப் பயமே வேண்டாம்.

இதைச் செய்தால் விடியற்காலைத் தொல்லையும் தானாகவே தீரும். சும்மா கிடக்கும் கனெக்ஷனை மைஎஸ்க்யூஎல் இயல்பாக 28,800 செகண்டில், அதாவது எட்டு மணிநேரத்தில், வெட்டிவிடும். காலையில் வியாபாரம் முடிந்து கடை அடைத்தால் அடுத்த பில் மறுநாள் விடியுமுன்தான். அதற்குள் எட்டு மணிநேரம் எப்போதோ தாண்டியிருக்கும். முதல் பில் அந்தச் செத்த கனெக்ஷனைத்தான் தட்டிக்கொண்டிருந்தது. பூலுக்குப் போகும்போது மட்டும் 'பூல் ப்ரீ பிங்' என்பதை ட்ரூ ஆக்குங்கள், கொடுக்கும் முன் உயிர் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும்.

மாற்றியபின் அதே ஐந்து செகண்ட் சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். இரண்டு பில்லும் தத்தம் பூவோடு தனித்தனியாக நிற்க வேண்டும். நின்றபின் ஸ்லீப்பை மறக்காமல் எடுத்துவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோங்கள்.

இனி வருவது சரியாகிவிடும். ஏற்கெனவே கலந்துபோனதையும் பார்க்க வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். நான்கு டேப்லெட் வந்த நாளிலிருந்து, தலைப்பு இருந்தும் உள்ளே ஒரு வரிகூட இல்லாத பில்களைப் பட்டியல் எடுங்கள். பில் அட்டவணையோடு வரி அட்டவணையை 'லெஃப்ட் ஜாயின்' செய்து, வரி 'நல்' ஆக, அதாவது காலியாக இருப்பதை வடிகட்டினால் ஒரு நிமிட வேலை. காணாமல்போன பூ பெரும்பாலும் அதற்கு அடுத்த பில் எண்ணிலேயே கூடுதலாக உட்கார்ந்திருக்கும். கலந்தது அடுத்தடுத்து ஏறிய தலைப்புகளுக்குள்தானே. பாதி வரி மட்டும் மாறிய பில்லும், எரர் வந்த நேரத்துப் பில்லும் இந்த வலையில் சிக்காது. அந்த நேரங்களை லாகில் பார்த்துத் தனியே எடுங்கள். பட்டியலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, கடை உரிமையாளரோடும் கணக்குப்பிள்ளையோடும் உட்கார்ந்து காகிதச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். 'அண்ணாச்சி, நிரலில் இந்தத் தவறு இருந்தது, இத்தனை பேருக்குக் காசு குறைந்திருக்கிறது' என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். ஓண நேரத்து விலையில் ஒரு கூடை பிச்சி என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்னக் காசு இல்லை. ஒத்துப் பார்க்கும்போது எந்தச் சீட்டோடும் பொருந்தாத பில் மிஞ்சினால், அந்த நேரத்து லாகை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.